சர்ஃப் ராக்கின் 'சொட்டும்' கிட்டாரும் ப்ளூஸும்: ஒரே ஆம்ப், எதிரெதிர் வேலை

கேள்வி: 1960களின் சர்ஃப் ராக் (கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்குப் பையன்களின் கிட்டார் இசை) பாட்டுகளில் கேட்கும் அந்த ஈரமான கிட்டார் சத்தத்தை நான்கு பேர் கொண்ட பேண்ட் ஒன்று இன்று எப்படிக் கொண்டுவருவது? அது அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையிலிருந்து வந்ததுதான் என்கிறார்கள். அப்படியானால் ப்ளூஸ்காரர்கள் கடைசிவரை மேடையில் இருக்க, சர்ஃப் பேண்டுகள் மட்டும் ஏன் இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போயின?

பதில்:

இரண்டுக்கும் பதில் ஆம்பிலிருந்து, அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியிலிருந்து, தொடங்குகிறது. ப்ளூஸ் வாசிப்பவர் ஆம்பைக் கொஞ்சம் திணறவிடுவார். உள்ளே ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வு தாங்கமாட்டாமல் கரகரக்கும் சத்தத்தில்தான் கம்பியை வளைத்து அழவைப்பார். சர்ஃப் வாசிப்பவருக்கு ஆம்ப் திணறினால் கதை முடிந்தது. எவ்வளவு கூட்டினாலும் உடையாத ஒலி அவருக்கு வேண்டும். ஃபெண்டர் கம்பெனி இரண்டு தரப்புக்கும்தான் ஆம்ப் விற்றது. பயன்பாடு நேர் எதிர்.

இந்தத் தேவை ஒரு குறிப்பிட்ட இடத்தில் உருவானது. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில், பல்போவா கடற்கரையோரம் ரான்டேவூ பால்ரூம் என்ற பெரிய நடனக்கூடம் இருந்தது. 1961 கோடையில் டிக் டேல் என்ற கிட்டார்காரர் அங்கே வாசிக்கத் தொடங்கினார். டை கட்டி வந்தால்தான் அனுமதி என்று ஊர் நிர்வாகம் சொல்ல, சர்ஃபிங் பையன்கள் வெறுங்காலும் டையுமாக வந்து நின்றார்கள். சீக்கிரமே ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். அத்தனை பேரின் கால்சத்தத்துக்கும் மேலே ஒரு கிட்டார் கேட்க வேண்டும். அன்றைய மேடை ஸ்பீக்கர்கள் பாடுகிறவரின் மைக்குக்கே தடுமாறும். கிட்டார் சத்தம் முழுக்க அதன் ஆம்பிலிருந்தே வந்தாக வேண்டும்.

ஃபெண்டர் கம்பெனியை நிறுவிய லியோ ஃபெண்டர் தன் ஆம்புகளை டேலிடம் கொடுத்துப் பார்ப்பார். டேல் எரித்துத் திருப்பிக் கொடுப்பார். அந்தப் போக்கில் வந்ததுதான் ஷோமேன்: நான்கு அவுட்புட் வால்வுகள், ஏறத்தாழ 85 வாட். வாட் கூடியதும் ஸ்பீக்கர் கிழிய ஆரம்பித்தது. ஜேபிஎல் கம்பெனியின் 15 அங்குல டி130 ஸ்பீக்கரைக் கிட்டாரின் அடிக்கு ஏற்றபடி மாற்றி, டி130எஃப் என்று போட்டார்கள். பிறகு அதில் இரண்டை ஒரே பெட்டியில் வைத்து டூயல் ஷோமேன் வந்தது.

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். சர்ஃப் என்றால் ரிவெர்ப், அதாவது ஸ்ப்ரிங் அதிர்வால் உண்டாக்கும் எதிரொலி, என்றே பலரும் நினைக்கிறார்கள். 1961இல் வந்த 'லெட்ஸ் கோ ட்ரிப்பின்' பாட்டிலோ, 1962இல் வந்த டேலின் முதல் ஆல்பமான 'சர்ஃபர்ஸ் சாய்ஸ்'இலோ ஸ்ப்ரிங் ரிவெர்ப் கிடையாது. அவற்றை சர்ஃப் ஆக்கியது வலது கையின் வேகமும் ஆம்பின் பலமும். (டேல் இடக்கைக்காரர், அவர் விஷயத்தில் அது இடது கை! வலக்கைக் கிட்டாரைக் கம்பி மாற்றிக் கட்டாமல் அப்படியே திருப்பிப் பிடித்துப் பழகியதால், தடித்த கம்பி கீழேயும் மெல்லியது மேலேயும் இருக்கும்.) ரிவெர்ப் பெட்டியை அவர் முதலில் தேடியதே தன் பாட்டுக் குரலுக்காக. குரலில் அசைவு போதவில்லை என்பது அவருடைய குறை.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதைச் சரியாக வைக்க முடியும். தொலைதூரத் தொலைபேசியில் வரும் தாமதத்தைப் போலியாக உண்டாக்க பெல் ஆய்வகத்தில் செய்த ஏற்பாடு இது. ஹேமண்ட் கம்பெனி அதைத் தன் ஆர்கனுக்குள் வைத்தது. ஹேமண்டின் ஸ்ப்ரிங் தட்டை வாங்கி, வால்வு சர்க்யூட்டோடு தனிப் பெட்டியாக ஃபெண்டர் 1961இல் விற்பனைக்கு விட்டது. மாடல் எண் 6ஜி15. உள்ளே ஒரு சின்ன பவர் வால்வு ஸ்ப்ரிங்கைத் தள்ளுகிறது. மறுமுனையில் வரும் நடுக்கத்தை இன்னொரு வால்வு பெருக்குகிறது. வெளியே மூன்று குமிழ்கள். டுவெல் என்பது ஸ்ப்ரிங்கை எவ்வளவு பலமாக அடிப்பது. மிக்ஸர் என்பது அதை நேர் ஒலியோடு எவ்வளவு கலப்பது. டோன் என்பது ரிவெர்ப் ஒலியின் கூர்மை.

சொட்டுச் சத்தம் வருவது டுவெல்லில். கம்பியை உள்ளங்கையால் அமுக்கி, பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) சுருக்கென்று ஓர் அடி கொடுத்தால் ஸ்ப்ரிங் அதிர்ந்து 'ப்ளிக்' என்று தெறிக்கும். மிக்ஸரை மட்டும் ஏற்றி டுவெல்லைக் குறைவாக வைத்தால் மாதாகோவிலில் வாசிப்பது மாதிரி ஒரு புகை வரும், சொட்டு வராது. டுவெல் 6 அல்லது 7, மிக்ஸர் 4 அல்லது 5, டோன் 6 என்று தொடங்கிப் பாருங்கள். கூடமே எதிரொலிக்கிற இடமென்றால் மிக்ஸரை 3க்கு இறக்குங்கள், டுவெல்லைத் தொடாதீர்கள்.

இந்தப் பெட்டி ஆம்புக்கு முன்னால் வருகிறது: கிட்டார், பெட்டி, ஆம்ப் என்ற வரிசை. 1963 முதல் ஃபெண்டர் ஆம்புக்குள்ளேயே வைத்த ரிவெர்ப் சர்க்யூட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதில் டுவெல் குமிழ் கிடையாது, தள்ளும் பலம் கம்பெனி வைத்ததுதான். அதனால்தான் நல்ல ட்வின் ரிவெர்ப் ஆம்ப் வைத்திருந்தும் பலருக்கு அந்தச் சொட்டு வருவதில்லை. இன்னொரு விளைவும் உண்டு. ரிவெர்ப் கலந்த ஒலியே ஆம்பின் வாய்க்குள் போவதால், ஆம்ப் கொஞ்சம் உடைந்தாலும் நேர் ஒலியும் எதிரொலியும் சேர்ந்து கூழாகிவிடும். 5 வாட் வால்வு ஆம்பை முழுக்கத் திருகினால் அருமையான ப்ளூஸ் கிடைக்கும். அதில் சர்ஃப் வாசிக்க முடியாது. பெரிய ஆம்பைப் பாதியில் வைத்து வாசியுங்கள். டிஜிட்டல் பெடல் வைத்திருந்தால் ஆம்பின் நடுவில் இணையும் எஃபெக்ட்ஸ் லூப்பில் போடாமல் முன் இன்புட்டில் போடுங்கள், அதற்குப் பின்னால் ஒலியை உடைக்கும் ஓவர்டிரைவ் பெடல் எதுவும் வேண்டாம்.

வழக்கமாக வரும் கோளாறுகள் நான்கைந்துதான். பெட்டியை ஸ்பீக்கர் கேபினெட்டின் மேலேயே வைத்தால், சத்தம் ஏறியதும் ஸ்ப்ரிங் அந்த அதிர்வை வாங்கி ஊளையிடும். தனி நாற்காலியில், கீழே ஒரு ஸ்பாஞ்ச் போட்டு வையுங்கள். ஓயாத 'ம்ம்ம்' வந்தால் ஸ்ப்ரிங் தட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தட்டைத் திருப்பிப் பாருங்கள், அல்லது தள்ளி வையுங்கள். ரிவெர்ப் அடியோடு நின்றுபோனால் பெட்டியைக் குலுக்குங்கள். இடி மாதிரிச் சத்தம் வந்தால் வாங்கும் பக்கம் சரி, தள்ளும் பக்கம்தான் போயிருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் தட்டின் முனையில் இருக்கும் முடி போன்ற ஒயர் அறுந்திருக்கும், அல்லது இரண்டு கேபிளும் இடம் மாறியிருக்கும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பெட்டி அங்குள்ள 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கிட்டார் விஷயத்துக்கு வருவோம். டேல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் வாசித்தார். மற்ற பேண்டுகள் அதே கம்பெனியின் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் பக்கம் போயின. டேல் போட்ட கம்பிகள் 16இலிருந்து 60 வரை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு தொடங்கி 60 பங்கு. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் செட் 9இலிருந்து 42. அவரைப் பார்த்து அப்படியே போட்டால் நெக்கின் மேல்முனையில் இருக்கும் நட்டின் பள்ளத்தில் கம்பி உட்காராது, நெக் முன்பக்கம் வளையும், சுருதியை அசைக்கும் ட்ரெமொலோவில் ஐந்து ஸ்ப்ரிங்கும் மாட்ட வேண்டியிருக்கும். 11–49 அல்லது 12–52 போதும். தடிமன் எதற்கென்றால், வேகமாக அடிக்கும்போது மெல்லிய கம்பி அலைந்து சுருதி மேலே எகிறும், தடித்தது நகராது. ஜாஸ்மாஸ்டரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. உடம்பில் கம்பியைத் தாங்கும் அதன் பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பி நீளமாகவும் கிட்டத்தட்டத் தட்டையாகவும் போகிறது. மெல்லிய கம்பி போட்டால் பள்ளத்திலிருந்து துள்ளி வெளியே வந்துவிடும், கரகரக்கும். அந்தக் கிட்டார் தடித்த கம்பிக்காகவே வரைந்தது. அப்படியும் துள்ளினால் நெக்கின் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துக் கோணத்தைக் கூட்டுங்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் உள்ளங்கையைப் பிரிட்ஜில் அமுக்கி வாசிக்கும்போது சுருதி ஏறுகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். பிரிட்ஜ் மிதக்கிறது, கை அதை அழுத்துகிறது, அவ்வளவுதான். பின்பக்க ஸ்ப்ரிங்கை இறுக்கி, பிரிட்ஜ் உடம்பில் படியும்படி வைத்துவிடுங்கள். ட்ரெமொலோவின் கைப்பிடியான பாரைக் கீழே அமுக்க முடியும், மேலே இழுக்க முடியாது. சர்ஃபுக்கு அதுவே போதும்.

இனி டேலின் மிகப் பெரிய பாட்டு, 1962இன் 'மிசர்லூ'. கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய மெட்டு. 1920களில் ரெபெடிகோ என்ற கிரேக்க நகர்ப்புற இசையின் கலைஞர்கள் வாசித்தது. டேலின் அப்பா லெபனான் வழி வந்தவர். ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசித்த உறவினரிடமும் தர்புகா என்ற கைமுரசின் தாளத்திலும் கேட்டு வளர்ந்த மெட்டை அவர் ஒற்றைக் கம்பியில் போட்டார். தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி. அந்த ஸ்கேல் நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களேதான். சரளி வரிசை படித்த யாருக்கும் மிசர்லூவின் எலும்புக்கூடு ஏற்கெனவே விரலில் இருக்கிறது. மிகத் தடித்த 'ஈ' கம்பியைத் திறந்தபடி ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஃப்ரெட் (நெக்கின் குறுக்குக் கட்டை) 0, 1, 4, 5, 7, 8, 11, 12. இதுதான் ஸ ரி க ம ப த நி ஸ. கமகத்துக்கு பதிலாக ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிக் படபடவென்று அடிக்கிறது.

அந்த அடிதான் கஷ்டம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 170 தட்டுக்கு மேல். தட்டுக்கு நான்கு அடி என்றால் நொடிக்குப் பதினொன்றுக்கும் மேல். முழங்கையிலிருந்து அடித்தால் அரை நிமிடத்தில் கை கட்டையாகிவிடும். மணிக்கட்டு மட்டும், பிக்கின் நுனி மட்டும், கம்பியைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர். மெட்ரோனோமை 100இல் வைத்து, கீழ் மேல் அடிகள் இரண்டும் ஒரே பலத்தில் விழும்வரை அங்கேயே இருங்கள். பிறகு ஐந்தைந்தாக ஏற்றுங்கள். வேகம் ஏறியதும் மேலடி மெலிந்து, குதிரை ஓட்டம் மாதிரி நொண்டினால் பத்துப் பின்னுக்கு வந்துவிடுங்கள். கனமான பிக்கையே எடுங்கள். மெல்லியது வளைந்து நேரத்தைத் தின்னும்.

டிரம்ஸில் சர்ஃப் தாளம் எளிது: 1இல் கிக், 2இல் ஸ்னேர் இரட்டையாக, 3இல் கிக், 4இல் ஸ்னேர் ஒற்றையாக. 'டும் தட்-தட் டும் தட்' என்று வாயால் சொல்லிப் பார்த்தாலே பிடிபடும். பேஸ் கிட்டாரைப் பிக்கால் வாசித்து, பிரிட்ஜ் ஓரம் கம்பிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு செருகிவிட வேண்டும். அன்றைய ஃபெண்டர் பேஸில் பிரிட்ஜ் மூடிக்குள் இது கம்பெனியிலிருந்தே வரும். பேஸின் ஒலி நீண்டால் ரிவெர்ப் கிட்டாருக்கு இடமிருக்காது. இரண்டாவது கிட்டாருக்கு ரிவெர்ப் வேண்டாம், அல்லது பெயருக்குக் கொஞ்சம். இருவரும் டுவெல்லை ஏழில் வைப்பதுதான் புதிய பேண்டுகள் எல்லாம் செய்யும் தப்பு.

ப்ளூஸ் எங்கே வருகிறது? அடியில் இருக்கிறது. 'லெட்ஸ் கோ ட்ரிப்பின்', 1963இன் 'வைப் அவுட்' இரண்டும் 12 பார் ப்ளூஸ்தான், அதாவது நான்கு தட்டு கொண்ட 12 பகுதிகளில் ('பார்') சுற்றும் அமைப்பு. ஆனால் மொத்த சர்ஃபும் ப்ளூஸ் என்று சொல்வது மிகை. வென்ச்சர்ஸின் 'வாக் டோன்ட் ரன்' ஏ மைனரிலிருந்து ஜி, எஃப், ஈ என்று இறங்குகிற ஸ்பானிய வழி. அதை எழுதியவர் ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கிட்டார்காரர். 'மிசர்லூ' எங்கிருந்து வந்தது என்று மேலே பார்த்தோம். ப்ளூஸ் ஒரு ஊற்று, ஒரே ஊற்றல்ல.

இந்த உறவை வியாபாரம் எப்படிப் பார்த்தது என்பதற்கு ஃப்ரெடி கிங் நல்ல உதாரணம். டெக்ஸஸில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த ப்ளூஸ்காரர். கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக்கும் ஆள்காட்டி விரலில் உலோகப் பிக்கும் மாட்டி வாசிப்பார். 1961இல் அவருடைய 'ஹைட் அவே' என்ற பாட்டில்லாத டிராக் கறுப்பர்களின் ஆர் அண்ட் பி பட்டியலில் 5ஆம் இடம், பொதுப் பட்டியலில் 29ஆம் இடம். சர்ஃப் அலை எழுந்ததும் அவருடைய கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1961இல் வந்த அதே ஆல்பத்தின் மேல் ரசிகர் கைதட்டலை ஒட்டி, 1963இல் 'ஃப்ரெடி கிங் கோஸ் சர்ஃபின்' என்று புது அட்டையில் விற்றது. உள்ளே ஒரு சொட்டு சர்ஃப் கிடையாது. கொஞ்சம் வெட்கக்கேடான வேலை. ஆனாலும் வெள்ளைக்கார டீன் ஏஜ் பையன்கள் கிட்டார் பழகியது இம்மாதிரி டிராக்குகளிலிருந்தும்தான் என்பதை அது போகிறபோக்கில் ஒப்புக்கொள்கிறது. போ டிட்லி பெயரிலும் அதே வருடம் ஒரு சர்ஃபிங் ஆல்பம் வந்தது.

இப்போது இரண்டாவது கேள்வி. 'வைப் அவுட்' வாசித்த சர்ஃபாரிஸ், கிளெண்டோராவைச் சேர்ந்த பள்ளிக்கூடப் பையன்கள். குகமாங்காவில் பால் பஃப் நடத்திய பால் ஸ்டூடியோவில், 'சர்ஃபர் ஜோ' என்ற பாட்டைப் பதியப் போய், ரெக்கார்டின் மறுபக்கத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று அங்கேயே கட்டியது அது. ரான் வில்சனின் டிரம்ஸ் பள்ளி அணிவகுப்பு பேண்டின் தாளம். தொடக்கச் சிரிப்பு மேனேஜருடையது. அந்த மறுபக்கம்தான் பில்போர்ட் பத்திரிகையின் பட்டியலில் 2ஆம் இடம் போனது. 'பைப்லைன்' வாசித்த ஷாண்டேஸும் சான்டா ஆனா பள்ளி மாணவர்கள். 1963இல் 4ஆம் இடம். இவர்களுக்குப் பாடகர் என்று யாரும் பெரிதாக இல்லை, ரசிகர்கள் அதே வயதுப் பையன்கள், வாசித்த இடங்கள் ஐம்பது அறுபது மைல் சுற்றளவு. பள்ளி முடிந்ததும் பாதிப் பேண்ட் கலையும். 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியதும் மீதிப் பாதிக்கும் வேலை போயிற்று. அதுவரை கிட்டார் மட்டும் வாசித்தால் போதும். அதற்குப் பிறகு பாட வேண்டும், பாட்டு எழுத வேண்டும். ரான்டேவூ பால்ரூம் 1966இல் எரிந்தே போனது.

ஃப்ரெடி கிங்குக்குப் பாட்டு கைவசம் இருந்தது. பாட்டில்லாத டிராக்குகளின் மவுசு குறைந்ததும் அவர் குரலை முன்னால் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் ஷெல்டர் கம்பெனிக்காகப் பாடி, ராக் கூட்டத்தின் மேடைகளுக்குப் போனார். ஆனால் அந்த வாழ்க்கையைச் சொகுசு என்று நினைக்க வேண்டாம். வருடத்தில் பெரும்பகுதி சாலையிலேயே. 1976 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு 42 வயது.

பாடாமல் வாசித்த சர்ஃப் பக்கம் தப்பித்த பெரிய பேண்ட் வென்ச்சர்ஸ். விவரம் தெரிந்தவர்கள் அவர்களை சர்ஃப் பேண்ட் என்று சொல்லவே தயங்குவார்கள். 1958இல் வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில் டான் வில்சன், பாப் போகிள் என்ற இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் தொடங்கியது. கம்பெனிகள் ஏற்காததால் வில்சனின் அம்மா நடத்திய ப்ளூ ஹொரைசன் லேபிளிலேயே 'வாக் டோன்ட் ரன்' வெளியிட்டார்கள். 1960இல் 2ஆம் இடம். அவர்களுடைய புத்திசாலித்தனம், எதையும் சொந்தமாக்கிக்கொண்டதுதான்: ட்விஸ்ட், சர்ஃப், நாட்டுப்பாட்டு, சினிமா இசை என்று அந்தந்த வருட மோஸ்தருக்கு ஓர் ஆல்பம். கிட்டார் கற்றுக்கொடுக்கும் ரெக்கார்டுகூடப் போட்டார்கள். முக்கியமானது ஜப்பான். 1962இல் முதல்முறை போனபோது இரண்டு பேருக்குத்தான் செலவு கட்டுப்படியானது. 1965 ஜனவரியில் முழு பேண்டாக, அஸ்ட்ரனாட்ஸ் என்ற கொலராடோ சர்ஃப் பேண்டோடு போனார்கள். நாடே எலக்ட்ரிக் கிட்டார் வெறியில் இறங்கியது. அவர்கள் கையிலிருந்த மாஸ்ரைட் கிட்டாருக்கு அங்கே அடிதடி. பாட்டில் சொல்லே இல்லாததால் மொழி தடையாக நிற்கவில்லை. அமெரிக்காவில் எது பலவீனமோ அதுவே அங்கே பலம். ஜப்பானியப் பாடகர்களுக்கு மெட்டும் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு ஜப்பான் சுற்றுப்பயணம்தான் அவர்களுடைய நிலையான வருமானம்.

டேலுக்கு அப்படி ஒரு ஜப்பான் வாய்க்கவில்லை. ஊரை விட்டு அதிகம் வெளியே போகாதவர். 1960களின் நடுவில் புற்றுநோய் வேறு. 1987இல் ஒரு சினிமாவுக்காக ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வானோடு சேர்ந்து 'பைப்லைன்' வாசித்தது கிராமி பரிந்துரை வரை போனது. சர்ஃபும் ப்ளூஸும் ஒரே டிராக்கில் எப்படி முட்டிக்கொள்கின்றன என்று கேட்க அதைவிட நல்ல பதிவு இல்லை: ஒருவர் கம்பியை வளைக்கவே மாட்டார், இன்னொருவர் வளைக்காமல் இருக்க மாட்டார். 1994இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தின் தொடக்கத்தில் 'மிசர்லூ' வந்த பிறகு உலகம் முழுக்கப் புதிய சர்ஃப் பேண்டுகள் முளைத்தன. டேல் 2019இல் இறக்கும் காலம்வரை மேடையேறினார்; மருத்துவச் செலவுக்காக வாசித்தே ஆக வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

பேண்டுக்கு ஒரு பயிற்சி. ஏ ஸ்கேலில் 12 பார் எடுத்துக்கொள்ளுங்கள்: ஏ நான்கு பார், டி இரண்டு, ஏ இரண்டு, ஈ ஒன்று, டி ஒன்று, ஏ இரண்டு. முதல் சுற்றில் ரிவெர்ப்பை அணைத்து, தட்டை மும்மூன்றாகப் பிரித்த ஷஃபிள் நடையில், கம்பியை வளைத்து வாசியுங்கள். அடுத்த சுற்றில் அதே கார்டுகள், தட்டு நேராக இரண்டிரண்டு, டிரம்ஸ் சர்ஃப் தாளம், ரிவெர்ப் ஆன், வளைப்பு தடை, ஸ்வரத்தின் முடிவில் ட்ரெமொலோ பாரால் மட்டும் லேசான அசைவு. மாறும் இடத்தில் டிரம்ஸ் வாசிப்பவர் வேகத்தைக் கூட்டிவிடுவார். எல்லோரும் கூட்டுவார்கள். முதல் சில நாட்கள் அவர் காதில் மெட்ரோனோம் இருக்கட்டும்.